இலவசம்: 11.4 ஜிபி

"பதினோரு ஜிபி இலவசமாத் தர்றாங்களாம்மா? யாரு தர்றா?"

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கணினித் திரையைக் காட்டி இப்படிக் கேட்டார். திரையில் "இலவசம்: 11.4 ஜிபி" என்று இருந்தது. அதை எழுதியது நான்தான். கணினி வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னக் கருவியை அதற்கு இரண்டு மாதம் முன்னால் தமிழாக்கியிருந்தேன். தன்னார்வலர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து செய்த வேலை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் போகும். அந்தக் கருவியில் முக்கியமான சொற்கள் மூன்றே மூன்று. 'மொத்தம்' சரியாக இருந்தது, 'பயன்பட்டது' சரியாக இருந்தது, மூன்றாவதாக ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்று இருந்த இடத்தில்தான் 'இலவசம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

அப்பா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "அப்போ மீதி இடமெல்லாம் காசு கொடுத்து வாங்கினதா?" என்று அடுத்த கேள்வியும் கேட்டார். அவர் படித்தது தமிழ், அந்தத் தமிழுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் சரியான பொருள். தமிழ் தெரிந்த ஒருவர் என் தமிழை நம்பிப் படித்து ஏமாந்துபோனார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த ஒரு ஆங்கிலச் சொல்லைக் கூடவே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

தவறு எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் மென்பொருள் கண்ணில் படாது. ஒரு கோப்பு வரும், அதில் ஆங்கில வரி, கீழே தமிழுக்கான வெற்று வரி, மறுபடி ஆங்கிலம், மறுபடி வெற்று வரி என்று முந்நூறு, நானூறு இருக்கும். ஒரே ஆங்கிலச் சொல் நிரலுக்குள் நாலு இடத்தில் வந்தாலும், நிரல் எழுதியவர் சூழல் குறிப்பு எதுவும் வைக்கவில்லை என்றால் கோப்பில் அது ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு நீங்கள் கொடுக்கும் தமிழ் நாலு இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சூழல் குறிப்பு வைக்க வசதி இருக்கிறது, ஆனால் 'ஃப்ரீ' மாதிரி ஒரு சொல்லுக்குக் குறிப்பு தேவைப்படும் என்று ஆங்கிலத்திலேயே யோசிக்கிற நிரலாளருக்குத் தோன்றுவதில்லை. அவருக்கு அது மூன்று வயதிலிருந்து தெரிந்த சொல்.

எனக்கு அந்தச் சொல் முதலில் தெரிந்தது இரும்பாக. அப்பாவுக்குத் துறையூரில் சைக்கிள் கடை. பின்சக்கரத்தின் நடுவில் சங்கிலி மாட்டுகிற பல்சக்கரத்துக்கு ஃப்ரீவீல் என்று பெயர், எங்கள் பக்கத்து சாதாரண சைக்கிளுக்கு 18 பல். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி எடுப்பது பள்ளி விடுமுறையில் எனக்குக் கொடுத்த வேலை. உள்ளே சின்னச் சின்ன இரும்பு நாக்குகள் இருக்கும். மிதிக்கும்போது அவை பல்லில் போய்க் கடித்துக்கொள்ளும், சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், டிக் டிக் டிக் என்று சத்தம் வரும், சைக்கிள் தன்பாட்டுக்கு உருளும். "மிதிச்சா பிடிக்கணும், நிறுத்தினா விடணும், அதான் ஃப்ரீ" என்பார் அப்பா. நாக்கு தேய்ந்துபோன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் "பெடல் சும்மா சுத்துதுண்ணே" என்பார்கள். பிடிக்கவே பிடிக்காதது அப்பாவின் கணக்கில் ஃப்ரீ ஆகாது, அது கெட்டுப்போனது.

அப்புறம்தான் மற்ற ஃப்ரீக்கள் ஒவ்வொன்றாக வந்தன. தையல்காரரிடம் "இடுப்புல கொஞ்சம் ஃப்ரீயா விடுங்கண்ணே" என்றால் தளர்வாக. துருப்பிடித்த நட்டில் எண்ணெய் விட்டு "ஃப்ரீ ஆயிடுச்சு" என்றால் இளகிவிட்டது. மருத்துவர் பாட்டியிடம் "மோஷன் ஃப்ரீயா போகுதா?" என்று கேட்டால் சிக்கல் இல்லாமல். ரோடு ஃப்ரீயாக இருந்தால் நெரிசல் இல்லை, லைன் ஃப்ரீயாக இருந்தால் வேறு யாரும் பேசவில்லை, முடியை ஃப்ரீ ஹேர் விட்டால் பின்னவில்லை, அந்தப் பையன் எல்லாரிடமும் ஃப்ரீயாகப் பழகுவான் என்றால் கூச்சம் இல்லை. யாராவது மனசு கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தால் தோளில் தட்டி "ஃப்ரீயா விடு" என்கிறோம். இந்தக் கடைசிப் பயன்பாட்டை எந்த வெள்ளைக்காரரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நாமே செய்துகொண்டது. இரண்டு சோப்பு வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்பது இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'இலவசம்' என்று எழுதுகிறது. விளம்பரம்தான் அந்தச் சொல்லை அதிகம் கத்துகிறது, அதிகம் கேட்ட பொருள் முதலில் வந்து நிற்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பிலும் இதே வழுக்கல் உண்டு. ஒரு இணையக் கடையில் இனிப்பு டப்பா ஒன்றின் கீழே "சர்க்கரை இலவசம்" என்று இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த டப்பாவைப் பற்றிப் பிறகு பேசவேண்டும், சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன்னால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

'ஃப்ரீ'யும் நம்முடைய 'பிரியம்' என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய மொழியில் 'நேசித்தல்' என்ற பொருளில் ஒரு வேர் இருந்தது. அது ஒரு பக்கம் சமஸ்கிருதத்தில் 'ப்ரிய' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வந்து பிரியம், பிரியமான என்று நம் வாயில் புழங்குகிறது. இன்னொரு பக்கம் ஜெர்மானிய மொழிகளுக்குப் போய், ஆங்கிலத்தில் ஃப்ரீ என்று நிற்கிறது. 'ஃப்ரெண்ட்' என்பதும் அதே வேர்தான், 'நேசிக்கிறவர்' என்பதுதான் அதன் பழைய பொருள். 'ஃப்ரைடே'யில் இருக்கிற ஃப்ரிக் என்ற தேவதையின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

நேசம் எப்படி விடுதலை ஆனது? மொழியியலாளர்கள் சொல்லும் விளக்கம் ஒரு பழைய வீட்டுக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த வீட்டில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒரு வகை வீட்டுத் தலைவரின் சொந்தங்கள், அதாவது பிரியமானவர்கள். இன்னொரு வகை அடிமைகள். 'பிரியமானவர்' என்று சொன்னாலே 'அடிமை இல்லாதவர்' என்று ஆகிவிட்டது, காலப்போக்கில் பிரியம் உதிர்ந்து அடிமை இல்லாதவர் என்பது மட்டும் மிஞ்சியது. இலத்தீனிலும் இதற்கு ஒரு துணைச் சான்று இருக்கிறது. அங்கே 'லிபெர்' என்றால் சுதந்திரமானவர், அதன் பன்மையான 'லிபெரி' என்றால் பிள்ளைகள். வீட்டில் யார் பிள்ளை, யார் அடிமை என்கிற கோடுதான் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது. காசு வாங்காமல் கொடுப்பது என்ற பொருளெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. கட்டணத்திலிருந்து விடுபட்டது என்று நீளமாகச் சொன்னதைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் வெறும் ஃப்ரீ.

அம்மா எனக்கு விடுதிக்கு எழுதிய கடிதங்களெல்லாம் 'பிரியமுள்ள' என்றுதான் ஆரம்பிக்கும். அந்தச் சொல்லுக்கும் அப்பா கடை ஃப்ரீவீலுக்கும் சொந்தம் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். 1983 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிற மென்பொருள். 1985-ல் அதற்காக ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார். இரண்டுக்கும் நடுநாயகமான சொல் 'ஃப்ரீ'. அன்றைக்கு ஆரம்பித்த தலைவலி நாற்பது வருடமாக ஓயவில்லை. அவர் சொன்னது சுதந்திரத்தை, கேட்டவர்கள் காதில் விழுந்தது இலவசம். பேச்சுச் சுதந்திரம் என்கிறோமே அந்த ஃப்ரீ, ஓசி பீர் என்கிற ஃப்ரீ இல்லை என்று அவர்கள் ஊர் ஊராக விளக்கவேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, 'லீப்ர' வேறு, 'கிராத்துயி' வேறு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே கடைசியில் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இருக்கிற 'லிப்ரே'யைக் கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். 1998-ல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற புதுப்பெயர் வந்ததற்கும் இந்தக் குழப்பம் ஒரு காரணம். கம்பெனிக்காரர்களிடம் ஃப்ரீ என்று பேச ஆரம்பித்தால் அவர்கள் விலையைப் பற்றியே யோசிக்கிறார்கள் என்பதால் வேறு சொல் தேடினார்கள். குழப்பம் போனது, கூடவே சுதந்திரம் என்கிற பேச்சும் பாதி போய்விட்டது. இது ஸ்டால்மனின் வருத்தம், என்னுடையதும்.

தமிழில் நாம் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. இந்திக்காரர்கள் 'முக்த' என்றார்கள், மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர', தெலுங்கில் 'ஸ்வேச்சா'. ஒவ்வொரு மொழியும் ஒரு பக்கத்தைப் பிடித்தது. தமிழ் பிடித்தது கயிற்றை. கட்டு இருந்தது, அற்றுப்போனது.

எங்கள் குழுவில் இந்தச் சொல்லுக்கு எதிர்ப்பும் இருந்தது. 'சுதந்திர மென்பொருள்' என்று போட்டால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும், கட்டற்ற என்றால் அடங்காத, தறிகெட்ட என்று அர்த்தம் வருகிறது என்றார் ஒரு நண்பர். அதில் நியாயம் இருக்கிறது, கட்டற்ற வெள்ளம், கட்டற்ற கோபம் என்றும் எழுதுகிறோமே. இன்னொரு சிக்கலை நானே நேரில் பார்த்தேன். ஒரு கல்லூரியில் பேசப் போனபோது பதாகையில் 'கட்டணமற்ற மென்பொருள் பயிலரங்கம்' என்று அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அச்சகத்தில் யாரோ 'கட்டற்ற' என்பதைப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்கள்! பணத்தைக் 'கட்டு'கிறோம், அதனால் கட்டணம். ஆங்கிலத்தில் இருந்து தப்பித்து வந்த குழப்பம், இங்கேயும் ஒரு வாசல் கண்டுபிடித்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று நிமிடம் அந்தப் பதாகையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத்தான் மற்றதற்குப் போனேன்.

அப்படியிருந்தும் நான் கட்டற்ற பக்கம்தான். ஒரு காரணம், இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உறவுகள் இருக்கின்றன. தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், உலோகத்துக்குள் அலைகிற எலக்ட்ரானைக் 'கட்டுறா எலக்ட்ரான்' என்று படித்தோம், வேதியியலில் 'கிப்ஸ் கட்டிலா ஆற்றல்' என்று படித்தோம். இரண்டிலும் ஆங்கிலத்தில் அதே ஃப்ரீதான். பாடநூல் எழுதிய ஆசிரியர்கள் யாரும் 'இலவச எலக்ட்ரான்' என்று எழுதவில்லை, எந்தக் கட்டு, எதனுடன் கட்டு என்று யோசித்து எழுதினார்கள். அணுவோடு கட்டுண்டு இருக்கவேண்டியது கட்டு இல்லாமல் இருக்கிறது. அந்தக் கவனம் எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் அப்பாவுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னொரு காரணம் 'சுதந்திர' என்ற அடைமொழி எங்கெங்கே போய் ஒட்டுகிறது என்பது. இலங்கையில் கட்டுநாயக்காவில் 1978-ல் தொடங்கியதை அங்குள்ள தமிழில் 'சுதந்திர வர்த்தக வலயம்' என்கிறார்கள். பல்லாயிரம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற இடம். அங்கே ஃப்ரீ என்றது முதலீட்டாளருக்குச் சுங்கத் தீர்வையிலிருந்தும் வரியிலிருந்தும் கிடைத்த விலக்கு. தமிழில் அது சுதந்திரம் என்று பெயர் மாறிப் பலகையில் ஏறியதும், அந்த வாசலில் மணி பார்த்து உள்ளே போய் மணி பார்த்து வெளியே வருகிற பெண்ணுக்கு அந்தச் சொல் என்ன சொல்லும்? அதே நாட்டில் தீர்வை கட்டாத கடைக்குத் 'தீர்வையற்ற கடை' என்று அழகான, நேர்மையான சொல் இருக்கிறது. எது அற்றது என்று சொல்லிவிடுகிறது. வலயத்துக்கும் அப்படி ஒன்று சொல்லியிருக்கலாம்.

கட்டற்றது என்றால் எந்த விதியும் இல்லாதது என்றும் நினைத்துவிடக்கூடாது. கட்டற்ற மென்பொருளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் குனு பொது உரிமத்தின் முதல் பதிப்பு 1989-ல் வந்தது. எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையை அவருக்கும் கொடுத்தாக வேண்டும். வாங்கும்போது விடுகிறது, கொடுக்கும்போது பிடிக்கிறது. இதை அப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "நம்ம ஃப்ரீவீல் மாதிரியா?" என்றார். ஆமாம்ப்பா, அதே மாதிரிதான்.

இலவசம் என்ற சொல்லுக்கே வருகிறேன். அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, ஆனால் அது சுமக்கிற எடையைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2006-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் கொடுத்தது 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011-ல் வந்தவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'விலையில்லா' என்று மாற்றினார்கள். விலையில்லா மிக்ஸி, விலையில்லா ஆடு, விலையில்லா மடிக்கணினி. 2021-ல் பெண்களுக்குப் பேருந்தில் 'கட்டணமில்லா' பயணம் வந்தது. அரசியல் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், சொல் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இலவசம் என்றால் வாங்குகிறவர் கை கீழே இருக்கிறது. ஓசி என்று அதற்கு ஒரு தம்பியும் உண்டு. பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்து ஓசி டிக்கெட் என்று யாராவது சொன்னால், அந்தச் சொல் அடிப்பது எங்கே என்று நமக்குத் தெரியும். கட்டணமில்லா என்பது வெறும் விவரம், யாரையும் அடிக்காது. எனக்கு மூன்றில் அதுதான் பிடித்தது.

அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருகிற சைக்கிள்கள் அப்பா கடைக்கு நிறைய வரும். காகிதத்தில் அது விலையில்லா மிதிவண்டி, பிள்ளைகள் வாயில் 'கவர்மெண்ட் சைக்கிள்'. அப்பா இரண்டையும் சொல்லமாட்டார். "ஸ்கூல் சைக்கிளா, இப்படி நிறுத்தும்மா" என்பார். இலவச சைக்கிள் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை கடையில் இருந்த ஒருவர், "ஓசில வந்ததுதானே, எப்படி இருந்தா என்ன" என்றபோது அப்பா தலையை நிமிர்த்தாமல், "அந்தப் பிள்ளை தினம் எட்டு கிலோமீட்டர் மிதிக்குது" என்றார். அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

அந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். விலை இல்லாமல் கைக்கு வந்த ஒரு பெட்டிக்குள் கட்டுள்ளது ஒன்று, கட்டற்றது ஒன்று. ஆங்கிலத்தில் இதைப் பிரித்துச் சொல்லக் குறைந்தது இரண்டு வாக்கியம் வேண்டும். தமிழில் விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று சொன்னாலே முடிந்தது. நம்மிடம் சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் சோம்பல்.

இப்போது அந்த இனிப்பு டப்பா. என் அத்தைக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஆங்கில எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு தீபாவளிக்கு அப்புறம் 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார், சாயங்கால டீயோடு அரைப் பாக்கெட் போகும். "இது ஃப்ரீடி, எங்களுக்குன்னே செஞ்சது, தாராளமா சாப்பிடலாம்" என்றார். அவர் படித்த ஃப்ரீ, "ஃப்ரீயா விடு" என்கிறோமே, அந்த ஃப்ரீ. கவலையில்லாமல் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் பாக்கெட்டில் இருந்த ஃப்ரீ 'இல்லாத' என்பது, அதுவும் சர்க்கரை மட்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். மைதாவைப் பற்றி அந்த இரண்டு சொல்லும் எதுவும் சொல்வதில்லை, மைதா வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் ஆகும். அடுத்த முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது அத்தையின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. மருத்துவர் திட்டினார், அத்தை அழுதார். "அதான் ஃப்ரீன்னு போட்டிருந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் 'ஃப்ரீ சுகர்ஸ்' என்று ஒரு சொல் வருகிறது. நாமோ ஆலையோ சேர்க்கிற சர்க்கரை, அதோடு தேன், பாகு, பழச்சாறு இவற்றில் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு நாளில் நமக்குக் கிடைக்கிற மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே அது இருக்கவேண்டும் என்கிறார்கள். அதே இரண்டு சொல்தான், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் ஒன்று சர்க்கரை இல்லை என்கிறது, மற்றது குறைக்கவேண்டிய சர்க்கரையே இதுதான் என்கிறது. இதை இயந்திரத்தில் போட்டு 'இலவச சர்க்கரை' என்று எடுத்து ஒரு சுகாதாரக் கையேட்டில் அச்சடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'சர்க்கரை இல்லாதது' ஒன்று, 'தனியாகச் சேரும் சர்க்கரை' இன்னொன்று என்று விரித்து எழுத அதிகம் போனால் இரண்டு சொல் கூடும், அத்தைக்கு அந்த இரண்டு சொல் தேவைப்பட்டது. இப்போது அந்தப் பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டுகிறார், நான் மாவுச்சத்து எவ்வளவு என்று படித்துச் சொல்கிறேன்.

'ஃபீல் ஃப்ரீ' என்றொரு வால் வேறு ஆங்கிலத்தில் உண்டு. சந்தேகம் இருந்தால் எங்களைக் கேளுங்கள் என்ற வரிக்கு முன்னால் வரும். 'சுதந்திரமாக உணர்ந்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று நானே ஒரு கோப்பில் பார்த்துத் திருத்தினேன். நாம் அப்படியா பேசுகிறோம்? கடைக்கு வந்தவரிடம் அப்பா என்ன சொல்வார்? "தயங்காம கேளுங்க." தயங்காமல் என்ற ஒரு சொல்லில் அந்த ஃப்ரீ முழுசாக வந்துவிட்டது. அன்றிலிருந்து என் கோப்புகளில் எல்லாம் 'தயங்காமல்'தான்.

தமிழில் ஒரே சொல்லில் இத்தனையையும் அடக்க முடியாதா என்று யாராவது கேட்டால், ஒரு சொல் கிட்டத்தட்ட இருக்கிறது என்பேன். சும்மா. சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்கவில்லை, சும்மா இருக்கிறேன் என்றால் வேலை எதுவும் இல்லை, சும்மா விடு என்றால் போகட்டும், பெடல் சும்மா சுத்துது என்றால் பிடிப்பு இல்லை. முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதாகச் சொல்கிற உபதேசமும் 'சும்மா இரு' என்பதுதான், அங்கே அது எல்லாக் கட்டும் அறுந்த நிலை. ஆனால் வட்டுக் கருவியில் 'சும்மா: 11.4 ஜிபி' என்று போட முடியாது. 'காலி இடம்' என்று திருத்தி அனுப்பினேன், அடுத்த பதிப்பில் வந்தது. அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியே வராததுதான் அந்த வேலையில் கிடைக்கிற பாராட்டு.

இப்போதும் ராத்திரியில் கோப்புகளோடு உட்காருகிறேன். எத்தனை வருடம் ஆனாலும் 'ஃப்ரீ' வரும் வரியில் கை நின்றுவிடும், நிரலைத் திறந்து அது எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்று அப்படி ஒரு நாள்காட்டிச் செயலியின் வரியில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற இடத்தில், அவர் அந்த நேரத்தில் ஃப்ரீயா இல்லையா என்று காட்டவேண்டும். 'ஓய்வு' என்று எழுதினால் தூங்குகிறார் மாதிரி இருக்கிறது, 'கிடைப்பார்' என்றால் கடைச்சரக்கு மாதிரி இருக்கிறது, 'வேலையில்லை' என்றால் அவர் வேலையை இழந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நாலு சொல் எழுதி நாலையும் அழித்திருப்பேன். அப்போது ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"கை ஒழிஞ்சுதாம்மா? பேசலாமா?"

ஒரு நிமிஷம்மா என்று சொல்லிவிட்டு, அதை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன்.